பருத்திக்கொட்டை தின்ற எருமை நெய்

9-2-1946

அரியலூருக்கு நெய் விற்கப் போன என் வீட்டுக்காரர் மாலை பஸ்ஸில் திரும்பினார். தூக்கில் பாதி நெய் அப்படியே இருந்தது.

"சிங்காரவேலு ஹோட்டல் வாசல்ல சானிட்டரி இன்ஸ்பெக்டர் புடிச்சுக்கிட்டாரு. மூணு பாட்டில்ல ஊத்தி அரக்கு வெச்சு, ஒண்ணை என்கிட்டயே குடுத்துட்டாரு" என்றார்.

பட்டணத்துக்கு அனுப்பிச் சோதிப்பார்களாம். வனஸ்பதி டின் கடைத்தெருவுக்கு வந்த நாளாய் நெய்க்காரர்கள் எல்லார் மேலும் சந்தேகம். நன்றாகச் சோதிக்கட்டும். என் கையால் கடைந்து, என் கையால் உருக்கிய நெய். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

14-2

முருங்கைக்கீரை போட்டு உருக்கினேன். வாசனை தெருமுனை வரைக்கும் போனது.

5-3

'நெய்யில் வேற்றுக் கொழுப்பு கலந்திருக்கிறது.' பட்டணத்துக் காகிதம் அப்படிச் சொல்கிறதாம். இன்ஸ்பெக்டரே படித்துக் காட்டினாராம்.

சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "ஜெகதா, ஏதாச்சும் தவறிப்போயி... கடலையெண்ணெய்க் கரண்டி கிரண்டி பட்டுருச்சா?"

கல்யாணமான நாளாய் என் கைச் சோற்றைத் தின்கிறவர் கேட்கிற கேள்வியா இது? "நாளையிலேருந்து நீங்களே உருக்கிக்குங்க"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். பிறகு நெடுநேரம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவரும் சாப்பிடவில்லை.

8-3

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை போலிருக்கிறது. "இன்னொரு தடவை எடுக்கறேன். அது நல்லா வந்தா கேஸ் வேணாம்னு மேலே எழுதிப் பாக்கறேன்" என்று இவரிடம் சொல்லியிருக்கிறார்.

இந்தத் தடவை நொட்டை சொல்ல இடமே வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் நெய் நன்றாக இருக்க வேண்டுமானால் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்க வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் காட்டுப் பருத்தியில் பஞ்சு பிரித்த கொட்டை மூட்டையாய் அடுக்கிக் கிடக்கிறது. இனி இரண்டு எருமைக்கும் வழக்கத்தைப் போல் இரு மடங்கு ஊறவைத்து ஆட்டி வைக்கப் போகிறேன். தோள் வலித்தால் வலிக்கட்டும்.

24-3

நெய் மணல்மணலாய் உறைந்து நிற்கிறது. சட்டியைச் சாய்த்தாலும் அசையவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லம் விரலால் வழித்து நக்கிவிட்டு, "இதுக்கு மேல ஒரு நெய்யி உண்டா அக்கா!" என்றாள்.

28-3

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போனார். மோர் கொடுத்தேன். குடித்தார்.

22-4

முன்னதைவிட மோசமாம். மோசம்! கலப்படம் கூடியிருக்கிறதாம்!

கேஸ் போட்டுவிட்டார்கள். "உங்களை நம்பினேன், இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று இன்ஸ்பெக்டர் இவரிடம் மனம் நொந்து பேசியிருக்கிறார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்னத்தச் செஞ்சேன் நான்? கடவுளே, என்னத்தச் செஞ்சேன்?

30-4

கன்றுக்குக் கழிச்சல் என்று பெரம்பலூரிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். வந்த இடத்தில் அவரிடம் இவர் கதையெல்லாம் கொட்டிவிட்டார். டாக்டர் மாட்டுத் தீவனக் காடியை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு பருத்திக்கொட்டையா வெக்கிறீங்க? அதாங்க சங்கதி. நெய்யைச் சோதிச்சு ஒரு எண்ணு எடுப்பாங்க. அது குறைஞ்சா கலப்படம்னு கணக்கு. பருத்திக்கொட்டை நிறையத் தின்னா சுத்தமான நெய்யிலயும் அந்த எண்ணு இறங்கிடும்."

இவர் என்னைப் பார்த்தார். என் பேரில் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டது அவருக்கு. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இரு மடங்கு ஆட்டி வைத்தது யார்? கேஸை என் தலையில் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆட்டுரலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

3-5

வக்கீல் சிவசுப்பிரமணியன் சொன்னது இது: "டாக்டர் பேச்சு நெசமாவே இருக்கட்டும். எருமை என்னத்தைத் தின்னுச்சுன்னு சட்டம் கேக்கலை. எண்ணு குறைஞ்சுதா, அதுதான் கேள்வி. கலந்தேன்னு ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிரும். வழக்காடினா ஜெயிலுக்கும் போக வேண்டி வரலாம்."

டாக்டர் வந்து சாட்சி சொன்னால்? சர்க்கார் உத்தியோகஸ்தர் சர்க்கார் கேஸுக்கு எதிராக வரமாட்டாராம். ஊமை கண்ட கனவாய்ப் போயிற்று எங்கள் நியாயம்.

"ஒத்துக்காதீங்க" என்றேன்.

"நான் உள்ள போயிட்டா காட்டை யாரு பாக்கறது, மாட்டை யாரு பாக்கறது?"

வைக்கோல் அள்ளிப் போடப் போய்விட்டேன்.

20-5

கோர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். "கண்ணையன்! நெய்யில் கலப்படம் செஞ்சியா?" என்று கேட்டார்கள்.

"ஆமாங்க."

அவ்வளவுதான். அபராதம் கட்டச் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இத்தனை நாளும் ஊரெல்லாம் எங்களுக்காகப் பரிந்து பேசியவர் ஹோட்டல்கார சிங்காரவேலு. அவரும் வெளியே நின்றிருந்தார். "அவரே ஒத்துக்கிட்டாரும்மா. இனிமே நான் யாருகிட்ட என்னன்னு பேசட்டும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் சரியென்றால் மட்டும் மறுபடி நெய் வாங்குவாராம்.

21-5

கறந்தேன், கடைந்தேன்.

10-6

பருத்திக்கொட்டையை நிறுத்திவிட்டேன். சோளத்தட்டையும் புல்லும்தான். எருமைகள் காடிக்குள் மூக்கை விட்டுத் துழாவிவிட்டு என்னையே பார்க்கின்றன. அதுங்ககிட்டப் போயி எந்தச் சட்டத்தைச் சொல்றது? பாலும் குறைந்துவிட்டது.

25-7

இன்றைய நெய் உறையவே இல்லை. கலங்கலாய்க் கிடக்கிறது, மணமும் போதாது. இதை விலைக்குக் கொடுக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. இவர் அதைத்தான் ஒரு பாட்டிலில் ஊற்றிச் சோதனைக்கென்று இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

19-8

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாஸாயிடுச்சுங்க! சுத்தமான நெய்யின்னு எழுதியே குடுத்துட்டாங்க. பாத்தீங்களா, கலக்காம இருந்தா யாரு உங்களை என்ன கேக்கப் போறாங்க? இப்படியே இருங்க."

உண்மையிலேயே எங்களுக்காகச் சந்தோஷப்பட்டார் அந்த மனிதர்.

இவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"சரிங்க சார். இனிமே கலக்க மாட்டோம்ங்க."

கதவருகில் நின்ற நானும் தலையை ஆட்டினேன்.