கடைசி வாரத்துத் தாள்கள்

என் செல்லப் பேச்சிக்கு,

நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். அதுவே வெட்கம்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் உன் மகள் செல்வி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வந்து, நீ பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதையை என் மடியில் வைத்தாள். காணாமல்போன தபால்காரரை மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மலையடிவாரம் முழுக்கத் தேடுவார்களே, அதுதான்.

"பெரிம்மா, கடைசி வாரம் மட்டும் இல்ல. அதுக்குன்னு அம்மா வெறுந்தாள் விட்டுத் தைக்கச் சொல்லியிருக்காவ. ஒங்கட்ட எங்கயும் கெடக்கா?"

"என்னட்ட ஏதுட்டி?" என்றேன். ஐம்பது வருடத்துப் பொய், பழக்கத்தில் தானாக வந்துவிட்டது.

என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது, பேச்சி. கல்யாணப் புடவைக்கு அடியில்.

நமக்குள் ஒரு முறை இருந்தது. வியாழக்கிழமை நான் கடைக்குப் போய் வாரப் பத்திரிகையை வாங்கி வருவேன். நம் மடவார் வளாகத் தெருக் குழாயடியில் நீ உரக்க வாசிப்பாய். தெருவில் வேறு யாரும் அதை வாங்குவதில்லை. தண்ணீருக்கு வந்தவர்கள் குடத்தை இறக்கிவைத்துக் கேட்பார்கள். முடிந்ததும் நான் பின்னைக் கழற்றிக் கதைத் தாள்களை மட்டும் எடுத்து அடுக்குவேன். வாசிப்பு உனக்கு, காவல் எனக்கு.

ஒரு நாள் ஆசைப்பட்டு நான் வாசிக்கிறேன் என்றேன். இரண்டு வரி எழுத்துக்கூட்டினேன். "அக்கா, நீ வாசிச்சு முடிக்கதுக்குள்ள கள்ளன் செங்கோட்டை ரயிலேறிப் போயிருவான்" என்றாய். ஏழு பேர் சிரித்தார்கள். யார் யார், என்ன சேலை என்று இப்போதும் சொல்வேன். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். நான்தான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசி வாரம் வந்தபோது தாள்களை உருவி ஒளித்துவிட்டு, "கடைக்குப் பத்திரிகைக் கட்டே வரல" என்றேன். நீ விடவில்லை. பஸ் நிலையக் கடை, பழைய பேப்பர் கடை என்று என்னையும் இழுத்துக்கொண்டு ராஜபாளையம்வரை அலைந்தாய். போன கடையிலெல்லாம் அந்த வாரத்து இதழ் விற்றுத் தீர்ந்திருந்தது. நானும் கட்டுக் கட்டாய்ப் பிரித்து உன்னோடு தேடினேன். அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

திரும்பும் பஸ்ஸில் நீ சொன்னாய்: "எனக்குக் கதையில வார அந்தக் கம்பவுண்டர் மேலதான்க்கா சந்தேகம். பிள்ளையளோட லாந்தரைத் தூக்கிட்டு அவரும் தேடுதாரு பாரு. கூடத் தேடுதவருதான் ஒளிச்சு வச்சிருப்பாரு."

செல்வி போன பிறகு முதல் வாரத்திலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். நான்கு நாள் ஆயிற்று. பிறகு பெட்டியைத் திறந்தேன். அந்தத் தாள்களை அதுவரை நானும் வாசித்ததில்லை. தபால்காரரை மறைத்துவைத்தது கம்பவுண்டர்தான், பேச்சி. நீ சொன்னதுதான் சரி.

அன்று பஸ்ஸில் கதையைத்தான் சொன்னாயா? என் முகத்தைப் பார்த்தல்லவா சொன்னாய்? ஒவ்வொரு பொங்கலுக்கும் "கிடைச்சுதாக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாயே, தெரிந்தேதான் கேட்டாயா?

நேற்று செல்விக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஆஸ்பத்திரில கெடக்கும்போதும் கேட்டாவளே பெரிம்மா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?" என்றாள். போனை வைத்துவிட்டாள். அவள் நம் வீட்டுப் பெண். லேசில் மறக்கமாட்டாள். மறக்கவும் வேண்டாம்.

இந்த வியாழக்கிழமை தாள்களோடு பஸ் ஏறி வருகிறேன். செல்வி கதவைத் திறந்தால் உன் படத்துக்கு முன்னால், திறக்காவிட்டால் வாசற்படியில் உட்கார்ந்து, கடைசி வாரத்தை உரக்க வாசிப்பேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். பொழுது சாய்ந்தாலும் நிறுத்தமாட்டேன். நீ சிரிக்கலாம். கள்ளி இந்தத் தடவை ரயிலேற மாட்டாள்.

கூடவே தேடிய
உன் அக்கா