வடசுரத்துக் கம்பளிகளுக்கு விலை பார்த்த ஒன்பது நாட்கள்

ஏரிகள் நிறைந்திருக்க, உலைகள் கொதித்திருக்க, எல்லையில் விழித்திருப்போர் உயிரோடிருக்க.

தேன்வரை நாட்டின் அரசியும், கணவர் பெருஞ்சேந்தர் மறைந்த பஞ்சகாலம் தொட்டுக் கருவூலத்தின் திறவுகோலைப் பிறர் கையில் கொடாமல் தம் இடுப்பிலேயே சுமந்து வருபவருமான எழினிமங்கை, வடசுரக் கோட்டையின் காவல் தலைவரும், கணவாய் காக்கும் நூற்றிருபது வீரருக்குப் பொறுப்பேற்று நிற்பவருமான மாவண்கோ அவர்களுக்கு எழுதுவிக்கும் ஓலை. உமக்கும் உம் வீரருக்கும் நலம் வேண்டுகிறோம். நலம் இல்லை என்பதை அறிந்துகொண்டே வேண்டுகிறோம்.

உம் வீரர் சிலம்பன் நேற்று முற்பகல் அவைக்கு வந்தார். வலக்காலில் துணி சுற்றியிருந்தார். பனி இறங்கிவிட்டது, கேட்ட கம்பளிகள் வரவில்லை, இருவருக்குக் கால்விரல்கள் கறுத்துவிட்டன, ஆயினும் அரச முத்திரை கண்டாலன்றிக் கோட்டையை விட்டு இறங்குவதில்லை என்று பூண்ட உறுதியில் மாற்றமில்லை என நீர் எழுதியிருந்ததை அமைச்சர் உரக்கப் படித்தார். நீர் எழுதாதது ஏதும் உண்டோ என்று சிலம்பனைக் கேட்டோம். தலை குனிந்தபடி அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே எழுதச் சொல்லியிருக்கிறோம்.

"தப்பா நெனைக்காதீங்க தாயி. கம்பளி கேட்டோம். எண்ணெய் வண்டியில நாப்பது கண்ணாடி வந்து எறங்குச்சு. நடுங்குறப்ப மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்துக்கறதுக்கான்னு பயலுக சிரிக்கிறானுக. சிரிச்சா உதடு வெடிக்குது, அதனால இப்ப அதையும் விட்டுட்டானுக."

அந்தக் கண்ணாடிகளை வாங்கியது நாமே.

துறைப்பட்டினத்து வணிகக் குழுவின் வழக்கத்தை மலைமேல் இருக்கும் நீர் அறிந்திருக்க நியாயமில்லை. அவர்களுக்கு நம் தலைநகரில் கடை கிடையாது. ஒரு முகவர் மட்டும் உண்டு. மாதந்தோறும் பொருள்களின் உருவத்தையும் விலையையும் கீறிய ஓலைக்கட்டு அவரிடம் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை. மேலே உள்ளது அடிக்கப்பட்டிருக்கும், கீழே உள்ளது குறைந்திருக்கும். வேண்டியதைக் குறித்து, நூல் சுற்றி, இறுதி முடிச்சைப் போட்டுக் கொடுத்தால் பட்டினத்துக்குப் புறா பறக்கும், வண்டி புறப்படும். முடிச்சு விழாதவரை அது வாங்கியதாகாது. ஐம்பது பொன்னுக்கு மேல் வாங்கினால் வண்டிக்கூலி இல்லை. உம் கோட்டை விளக்குகளுக்கான எண்ணெய்க்கு அத்தொகை எட்டவில்லை. மூன்று பொன் கூலியைக் கொடுக்க மனமில்லாமல் ஆறு பொன்னுக்குக் கண்ணாடிகளைச் சேர்த்தோம். கூலி மிச்சமானது என்று அன்று மகிழ்ந்ததும் உண்மை.

இனி எழுதுவது அரசியின் சொல் அல்ல, எழினிமங்கை என்ற என் சொல். முடிச்சுப் போடாத ஓலையை முகவர் வீட்டிலேயே விட்டு வந்தால், அவர் அதைத் தெரிவிக்க, மூன்றாம் நாள் பட்டினத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு விலை குறைத்துப் புறா வரும் என்பதை இந்நாட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான். குதிரைச் சேணத்தில் கண்டேன், பிறகு செம்புப் பாத்திரங்களில் கண்டேன். புறாவுக்கு முன் ஒரு முடிச்சும் விழக்கூடாது என்று ஆணையே பிறப்பித்தேன். அவை என்னைப் புகழ்ந்தது. பஞ்சத்தில் நகைகளை விற்று நெல் வாங்கியவள் என்பதால் அந்தப் புகழ் எனக்குரியது என்றே எண்ணினேன்.

உம் கம்பளிகளுக்கான ஓலை ஐப்பசி முதல் நாளில் எழுதப்பட்டது. மூன்றாம் நாள் புறா வந்தது, விலை குறைந்தது. அப்போதே முடிச்சுப் போட்டிருக்கலாம். இரண்டாம் புறாவும் வரக்கூடும் என்று முகவரின் மனைவி வாய்தவறிச் சொல்லியிருந்தாள். ஆறாம் நாள் அதுவும் வந்தது. அதற்குமேல் எனக்குக் கம்பளி நினைவில் இல்லை, மாவண்கோ. குளிரும் நினைவில் இல்லை, நீரும் இல்லை. முகம் தெரியாத ஒரு வணிகன் எவ்வளவு இறங்குவான் என்பது மட்டுமே நினைவில் இருந்தது. மாடத்தில் நின்று வானத்தைப் பார்த்தேன். நாட்டுக்காகச் சிக்கனம் பார்க்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் வென்றுகொண்டிருந்தேன். அந்த வெற்றி இனித்தது. கணவர் போனபின் என் வாழ்வில் இனித்தவை மிகச் சில.

ஒன்பதாம் நாள் மூன்றாம் புறா வந்தது. கம்பளிகள் அனைத்தையும் வேறொரு நாட்டவர் முதல் விலைக்கே வாங்கிச் சென்றனர் என்றும், அடுத்த கப்பல் தை மாதத்தில் என்றும் அதில் இருந்தது. வணிகர் மேல் குற்றமில்லை. அவர்கள் விற்க வந்தவர்கள், விற்றார்கள். குற்றம் என்னுடையது. அதை உமக்கு உடனே எழுதாமல் வேறு வழி பார்க்கிறேன் என்று இருபது நாட்கள் மறைத்ததும் என்னுடையதே.

ஆகவே ஆணையைக் கேளும். இவ்வோலை கைக்கு வந்த கணமே கோட்டையை அடைத்து, நூற்றிருபது பேரோடும் குதிரைகளோடும் அடிவாரத்துச் சிற்றூரான பாக்கத்துக்கு இறங்க வேண்டும். நடக்க மாட்டாதோரைக் குதிரைமேல் ஏற்றும். ஆயுதங்களை அங்கேயே விட நேர்ந்தாலும் விடும். பாக்கத்தில் உமக்கு அடுப்பும் கூரையும் ஆயத்தமாக இருக்கும்; அரண்மனைத் திரைகளும் விரிப்புகளும் வெட்டிப் போர்வைகளாகத் தைக்கப்பட்டு இன்றே வண்டியேறுகின்றன. விரல் கறுத்தவர்க்கு மருத்துவர் இருவர் உடன் வருகின்றனர்.

கணவாய் காவலின்றிக் கிடக்கும் என்பதை அறிவோம். கணவாய்க்கு அப்பாலுள்ள வடக்கர் படை வரக்கூடும், வந்தால் பாக்கத்திலிருந்தே எதிர்கொள்வோம். கோட்டையைக் கைவிட்டவர் யார் என்று நாளை அவையில் எவரேனும் உம்மைக் கேட்டால், வாய் திறக்க வேண்டாம். இந்த ஓலையை நீட்டும். அதில் கைவிட்டவள் பெயர் இருக்கிறது.

ஒன்றையும் மறைக்கலாகாது. இதை எழுதுவிக்கும்போதே அமைச்சர் குறுக்கிட்டு, தென்துறைக்கு வந்திருக்கும் புதிய வணிகர் பாதி விலையில் கம்பளி தருவதாகச் சொல்கிறார் என்றும், நான்கு நாள் பொறுத்தால் கோட்டையை விடாமலே முடித்துவிடலாம் என்றும் கூறினார். நான் உடனே மறுத்துவிட்டதாக நீர் எண்ண வேண்டாம். எவ்வளவு என்று கேட்டேன். கேட்டேன், மாவண்கோ, இவ்வளவும் எழுதிய பிறகு. அமைச்சர் விலையைச் சொல்ல வாயெடுத்தபோது, வாசலில் காலை நீட்டி அமர்ந்திருந்த சிலம்பன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஆகவே அரக்கு உலரும் முன்பே இது புறப்படுகிறது. ஓலை சுமந்து ஓடுவோர் மூவர், மூன்று வழிகளில், ஒரே வாசகம். எவர் முதலில் வந்தாலும் மற்றவர்க்காகக் காத்திராதீர்.

தேன்வரை நாட்டு இரட்டைச் சுனை முத்திரையிட்டு, கார்த்திகை முதல் நாள் நண்பகலில், எழினிமங்கை தம் கையால் ஒப்பமிட்டது. இது ஆணை. இறங்கி வாரும்.