நடுவில் வழி வேண்டாம்

எம்டன் பக்கம்,
செவ்வாய்க்கிழமை காலை.

என் ஒரே கிழவன் ஐலர்ட்டுக்கு,

தோம்மா எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, காரணம் கீழே வரும். அந்த மலையடிவாரத்தில் உனக்கு உப்பில்லாத சூப்பும், நூலில் தொங்கும் பொட்டலத் தேநீரும் தருகிறார்கள் என்று படித்து வருந்தினேன். இதயத்தைத் தேற்ற அனுப்பிய இடத்தில் மனிதனை இப்படியா நோகடிப்பது? ஒன்பது கிலோ இறங்கிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். அது வீண் போகவில்லை. நாம் குடியேறப் போகிற வண்டியின் எடைக் கணக்கில் அந்த ஒன்பது கிலோவுக்குப் பதிலாக என் பீங்கான் தேநீர்ச் செட்டை ஏற்றியாயிற்று.

சிரிக்காதே. நான் நாற்பது வயதில், புதுச் சட்டம் வந்த பிறகு உரிமம் எடுத்தவள், மூன்றரை டன்னுக்கு மேல் ஓட்டக் கூடாது. கோடை வரை உன்னை ஸ்டியரிங் பக்கம் விடமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக வண்டி, தண்ணீர், நாம் இருவர், உன் சுத்தியல்கள் எல்லாமே அந்த மூன்றரைக்குள் அடங்க வேண்டும். வீட்டை வாங்கியவர்கள் மார்ச் கடைசியில் வருகிறார்கள். ஜன்னல் திரைக்கு அளவுகூட எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நமக்கு வீடு என்றால் அந்த ஏழு மீட்டர் வண்டிதான்.

கடைக்காரர் முற்றத்தில் நமக்கு ஏற்றதாக இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்றில் பின்பக்கம் இரண்டு ஒற்றைக் கட்டில், நடுவே நடக்க வழி. மற்றதில் நடுவில் ஒரே பெரிய கட்டில், இரண்டு பக்கமும் இறங்கலாம். நீ ஒற்றைக் கட்டில்தான் வேண்டும் என்று மூன்று கடிதத்திலும் எழுதிவிட்டாய். 'வசதி' என்ற சொல்லை ஐந்து முறை போட்டிருக்கிறாய். வசதியைப் பற்றி நீ வாயைத் திறந்ததே இல்லையே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சரி, வாழ்ந்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்போம் என்று பக்கத்துப் பண்ணை ஹாபோவின் உருளைக்கிழங்குக் கொட்டகைத் தரையில் வண்டியின் உள்ளமைப்பை ஒட்டுநாடாவால் வரைந்தோம். சுவருக்குப் பதில் கிழங்குப் பெட்டிகள். தேநீர் மேஜையை முதலில் வரைந்தோம். கெண்டி, அதைச் சூடாக வைத்திருக்கும் விளக்கு, கற்கண்டுக் கிண்ணம், பாலாடைக் குவளை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, ஆளுக்கு மூன்று கோப்பை குடித்துவிட்டு, மிச்ச இடத்தில் மற்றதை வரைந்தோம். கட்டிலுக்கு ஒரு மீட்டர் நாற்பது நீளம்தான் மிஞ்சியது. ஹாபோ நாடாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பரவால்ல தோம்மா, ஐலர்ட்ட உக்காந்துக்கிட்டே தூங்கச் சொல்லு" என்றான். எல்லாவற்றையும் பிய்த்தெடுத்து, இந்த முறை கட்டிலில் இருந்து ஆரம்பித்தோம். கழிவறைக் கதவாக நிறுத்திய பலகையைத் திறந்தால் நடைவழி அடைபடுகிறது என்று தெரிந்துகொள்ள என் முழங்கால் செலவாயிற்று.

முதலில் உன் ஒற்றைக் கட்டில்கள். உன் இடத்தில் ஹாபோ படுத்தான், என் இடத்தில் நான். அவன் மனைவி கேஷே வாசலில் நின்று, "என் புருஷன கசக்காமத் திருப்பிக் குடுத்துடு" என்று கத்தினாள். நான் அவளைச் சீண்டத்தான் நடுவழியில் கையை நீட்டினேன். எட்டவில்லை, ஐலர்ட். விரல் நுனிகூட எட்டவில்லை.

அப்போது ஹாபோ கூரையைப் பார்த்தபடியே சொன்னான்: "அவனுக்கு அதுதான் வேணுமாம். ஒரு நாள் காலைல நான் எந்திரிக்கலேன்னா, அவ கை பட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாதுடான்னு என்கிட்ட சொன்னான்."

நீ அவனிடம் கோபப்படாதே. அவன் முகம் கிழங்குத் தோல் போல ஆகிவிட்டது. கேஷே கேலியை விட்டுவிட்டு உள்ளே வந்து என்னைக் கைதூக்கி எழுப்பினாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

இப்போது நான் சொல்வதைக் கேள். போனில் சொன்னால் 'சரி சரி' என்று பேச்சைக் கோழிகள் பக்கம் திருப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அங்கே கிளம்புவதற்கு முன் குறட்டை என்று சாக்குச் சொல்லிச் சின்ன அறைக்குப் போனாயே, அந்த மூன்று வாரமும் நான் தூங்கியதாக நினைக்கிறாயா? இருபத்தெட்டு வருஷம் அந்தக் குறட்டைக்குள்தான் தூங்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டால் கண்ணை மூடினேன், நின்றால் எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் படுத்திருந்தால் முழங்கையால் ஓர் இடி போதும், நீ திட்டுவாய், நான் தூங்கிவிடுவேன். உன் டாக்டர் அனுப்பிய காகிதத்தை விரல் வைத்து இரண்டு முறை படித்தேன். நன்றாகத் தேறுகிறார் என்று இருக்கிறது. தனியே படுக்க வேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை.

அந்த ஒரு காலை என்றைக்காவது வரும். உனக்கு முந்தியா எனக்கு முந்தியா, யார் கண்டது? இத்தனை பாலாடை தின்கிற நான் முந்திக்கொண்டால் என்ன செய்வாய்? அதுவரை இருக்கிற காலைகளை எல்லாம் ஒரு நடைவழிக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அதனால் பெரிய கட்டில் வண்டிக்கு நேற்று நம் பெயரைச் சொல்லிவிட்டேன். அது நாற்பது கிலோ கூடுதல் எடை. அதை ஈடுகட்ட என் இரும்புத் தையல் இயந்திரம் கேஷேவுக்குப் போயிற்று, உன் பட்டறைக்கல் ஹாபோவுக்கு. நீ எத்தனை முறை வேண்டுமானாலும் உன் பக்கமாக எழுந்து போகலாம், என்னைத் தாண்ட வேண்டியதில்லை. ஏப்ரலில் டென்மார்க் கரையோரமாக மெதுவாகப் போவோம். ஓட்டுவது நான், குறை சொல்வது நீ.

வெள்ளிக்கிழமை மதியம் வரை வண்டியை மாற்றிக்கொள்ளலாமாம். கடைக்காரர் எண்ணை இதில் எழுதவில்லை. வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டு வாங்கிக்கொள்.

கேட்காதே, ஐலர்ட்.

மூச்சு முட்டாமல் மலை ஏறி இறங்கு. சூப்பை மிச்சம் வைக்காதே. உன் இதயம் அவசரப்படாமல் அடித்துக்கொண்டு வீடு வந்து சேரட்டும்.

கட்டிலின் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்ட,
தோம்மா