இரண்டு முறை கேட்ட கேள்வி

மார்ச் 4, செவ்வாய்
அக்காவை டயாலிசிஸுக்கு என் வேனில் கூட்டிப்போய் வந்தேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு. வரும்போது வாந்தி. "உன் வண்டியில ஏறினா எருமைகூட வாந்தி எடுக்கும்டா." எடுத்துச்சே என்றேன். சிரித்துவிட்டாள்.

மார்ச் 6, வியாழன்
ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தபோது சுகாதார அலுவலகத்துப் பெண் ஒருத்தி அட்டைக்கட்டோடு வந்தாள். எங்கள் ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று ஜனங்களையே கேட்கிறார்களாம். அட்டைக்கு இரண்டு வசதி, ஒன்றைத்தான் தொடலாம். நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு இந்த வயதில் பரீட்சை!

மூன்றாவது அட்டையில் 'டயாலிசிஸ்' கண்ணில் பட்டதுமே விரலை வைத்துவிட்டேன். ஊரிலேயே வந்தால் அக்காவுக்கு இந்த அலைச்சல் இல்லை. மீதியைப் படிக்கவில்லை.

பதினொன்றாவதில் அதே இரண்டும் இடம் மாறி வந்தன. அதற்குள் எழுத்துக் கூட்டக் கொஞ்சம் பழகியிருந்தது. டயாலிசிஸ் — எட்டுப் பேருக்கு. வீடு தேடி வந்து பிள்ளை பெற்றவளையும் குழந்தையையும் பார்க்கும் நர்ஸ் — முந்நூறு பேருக்கு. விரல் அங்கே போய்விட்டது. ஏன் போச்சு? எட்டுல ஒண்ணு என் அக்கா.

"அண்ணே, இதே கேள்விக்கு முன்னாடி வேற சொன்னீங்க. சரிபாக்கத்தான் ரெண்டு தடவை கேக்குறோம். எது உங்க பதில்?"

அட்டையின் அடியில் நானே எழுதிக் கொடுத்தேன்: முதல் தடவை படிக்காமல் தொட்டது. இரண்டாவதுதான் படித்துச் சொன்னது.

மார்ச் 8, சனி
அக்காவிடம் சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
சொல்லிவிட்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அக்கா கேட்டாள்: "எட்டுப் பேருல நானும் இருக்கேன்னு தெரிஞ்சுதானே மத்ததைத் தொட்ட?" ஆமா என்றேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 17, வியாழன்
அந்த அட்டைக் கேள்விகளின் முடிவை ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். நர்ஸ் முதலாவது, டயாலிசிஸ் ஐந்தாவது. என் ஒரு விரலால் என்ன ஆகியிருக்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டே வேனைக் கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்
திரும்பி வரும்போது ஊருக்கு வெளியே ஒரு பெண் கை காட்டினாள். புது நர்ஸ். தோளில் பை, கையில் குழந்தையை எடை பார்க்கும் தராசு. நிறுத்தினேன். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏறும்மா. உனக்காகத்தான் என் தம்பி என்னை நாலு மணி நேரம் சுத்த வைக்கிறான்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா நகர்ந்து இடம் விட்டாள். தராசை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளம் வந்தபோதெல்லாம், "தராசு இருக்குடா, மெதுவா" என்றாள்.