ஈயம் மோதிய நாலு வாரம்

மடுல்சீமை,
டிசம்பர் 12.

அன்புள்ள மகள் ஜெசிந்தினிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் தம்பி கெவினும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். சுகம் சொல்லும் இடத்தில் அம்மாவின் பெயர் இல்லாததைப் பார்த்திருப்பாய். கண்ணு, முதலில் உட்கார்ந்துகொள். அம்மா நம்மை விட்டுப் போய்விட்டாள். நவம்பர் பதினொன்றாம் தேதி, பதுளை ஆஸ்பத்திரியில், நெஞ்சுவலி. முப்பதாம் நாள் பூசையும் முந்தாநாள் முடிந்தது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், கெவின் படமெடுத்து அனுப்புவான்.

தம்பியைத் திட்டாதே. அவன் முதல் நாளே "அக்காவுக்குச் சொல்லிறலாம்ப்பா" என்று அழுதான், நான்தான் தடுத்தேன், நீ கேட்டபோதெல்லாம் அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று எழுதவைத்தேன். உன் ஆராய்ச்சிக்கூடத்து மெஷினில் வருடத்தில் நாலே வாரம்தான் ஈய அணுக்களின் கருவை மோதவிடுவார்கள், மோதின கணத்தில் பிறக்கிற ஒளித்துகளைத் தேடத்தான் இத்தனை பாடு என்று நீ சொல்லியிருந்தாய். நான் தேயிலை ஸ்டோரில் முப்பது வருடம் மெஷின் பார்த்தவன். கொழுந்து அரைபடும்போது பாதியில் போனவனுக்கு அன்றைக்குப் பேர் விழாது, நாள் சம்பளம் போச்சு, இரண்டு தரம் போனால் வேலையே இல்லை. அங்கேயும் அப்படித்தான், என் பிள்ளையின் பேரை வெட்டிவிடுவார்கள் என்று நினைத்துவிட்டேன். பூசைக்கு வந்த உன் விஞ்ஞான மாஸ்டர் றொபின்சன் சொல்கிறார், "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்களே அனுப்பி வச்சிருப்பாங்க, அவ இடத்துல வேற ஆள் நின்னிருப்பாங்க" என்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். நாலு வாரம் முடிந்து அங்கே மெஷினை நிறுத்திவிட்டார்கள் என்று நீ எழுதிய அன்றாவது சொல்லியிருக்கலாம், அதற்கும் தைரியம் வரவில்லை.

உன் வேலை அம்மாவுக்குத்தான் புரிந்தது. பின்னால் வருகிற ஒளி கோடிக்கணக்கு, அதையெல்லாம் கழித்தால்தான் முதல் சூட்டில் கிளம்பினது மிஞ்சும் என்று நீ சொன்னபோது, "நான் ஸ்டோருல தேயிலையில குச்சி பொறுக்குன மாதிரிதான், வேண்டாததை எடுத்துட்டா நல்லது நிக்கும்" என்றாள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ஜெயலெட்சுமியிடம், என் மகளும் என் வேலையைத்தான் பார்க்கிறாள் என்று பெருமை பேசினாள்.

அம்மாவை லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோகவே மூன்று மணி நேரம் ஆனது, நம் ரோடு உனக்குத் தெரியாததா. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நினைவோடுதான் இருந்தாள். "ஜெசிக்குச் சொல்லிட்டீங்களா, பொறப்பட்டாளா" என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். அதை நம்பி, கடைசிவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்தப் பொய்யைச் சாமியாரிடம் சொல்லிப் பாவமன்னிப்பு வாங்கினேன், நெஞ்சு ஆறவில்லை. அது உன்னிடம் வாங்கவேண்டியது.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். சாப்பிடாமல் கிடக்காதே, அறையில் தனியாக இருக்காதே, கூட வேலை செய்கிற பிள்ளைகள் யாரிடமாவது சொல்லி அழு. கல்லறைக்கு இன்னும் சிலுவை நடவில்லை. என்மேல் கோபம் என்றால் கோபத்தோடேயே வா. வேலை முடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதே.

உன் பாவி அப்பா,
மாணிக்கராஜ்