நாலாவது நாற்காலி

ஐப்பசி, ஞாயித்துக்கிழமை, 2004. ராத்திரி.

பக்கத்து வீட்டு வசந்தா சாயந்திரம் வந்து, "அக்கா, என் பையன் தினேஷ் செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டர்லயே கெடக்கறான். நான் கூப்ட்டா வரமாட்டான், நீங்க கொஞ்சம் வாங்களேன்"னா. போனேன். போயிருக்கக் கூடாது.

என் புள்ள சேகர் உசுரோட இருந்தவரைக்கும் அவனும் கூட்டாளிங்களுமா நாலு பேர் அங்க ஃபுட்பால் கேம்தான் ஆடுவாங்க, ரெண்டு ரெண்டு பேரா. அவன் போனப்புறம் மூணு பேருக்கு அது சரிவரலன்னு துப்பாக்கி கேமுக்கு மாறிட்டாங்க. அதக் கேட்டப்போ ஆறுதலா இருந்துச்சு. அவங்களுக்கும் ஏதோ கொறையுதேன்னு.

இன்னிக்குத் திரும்பவும் ஃபுட்பால். நாலாவது நாற்காலில தினேஷ். "பாஸ் குடுடா பன்னாட"ன்னு ஒருத்தன் கத்தறான், எல்லாம் சிரிக்குதுங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது.

என்னப் பாத்ததும் அந்த மூணு பேர்ல ஒருத்தன் பாபு, "டேய், சேகர் அம்மாடா. கேம மாத்து"ன்னு கிசுகிசுத்தான். தினேஷ் பொசுக்குனு எழுந்துட்டான். "பரவால்ல, ஆடுங்கப்பா"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. அவன் செருப்ப மாட்டிக்கினு வெளிய வர்ற வரைக்கும் நின்னேன்.

வழி பூரா வசந்தா அவனத் திட்டிக்கினே வந்தா. "பெரியம்மா வந்தாதான்டா உனக்கு பயம்!" திட்டறதுக்கு அவளுக்கு ஒரு புள்ள இருக்கு.

வீட்டு வாசல்ல தினேஷ் மெல்ல எங்கிட்ட, "இனிமே நான் அங்க ஆடல பெரியம்மா"ன்னான். சரின்னு தலையாட்டிட்டேன்.

நல்ல புள்ள அவன். கெட்ட புள்ளயா இருந்திருந்தா எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.