தொண்ணூற்றேழு டிகிரி

மே 12, திங்கள்

காலை ஏழரைக்கே வியர்வை. வடிவமைப்பு மென்பொருள் திறக்கப் பதினொரு நிமிடம். அதற்குள் பல் தேய்த்து, காபி போட்டு, அப்பாவுக்கு நாலு தோசை சுட்டாயிற்று.

கொச்சி நிறுவனத்தின் மின்னஞ்சலை மறுபடி படித்தேன். வேலைக்கான தேர்வு: ஆற்றங்கரையில் ஒரு சிறிய வாசகசாலை. பத்துப் படங்கள். சனி மாலை ஐந்துக்குள். கட்டடம், படித்துறை, தண்ணீர் எல்லாம் வரைந்துவிட்டேன். கணினி அதைப் படங்களாக ஆக்கித் தருவதுதான் பாக்கி.

முதல் படம்: 10.10 தொடக்கம், 4.35 முடிவு. டிசம்பரில் இதே அளவு வேலைக்கு நாற்பது நிமிடம்.

இரவில் ஓடவிட முடியாது. ஒன்பதரைக்கு ஜெபம் முடிந்ததும் அப்பா வீட்டிலுள்ள எல்லா சுவிட்சையும் அணைப்பார். கேஸ், குழாய் எல்லாவற்றையும் இறுக்கிப் பார்ப்பார். காலை ஆறு மணி ஜெபத்துக்குப் பிறகுதான் உயிர் வரும். முப்பத்து மூன்று வருடம் கோர்ட்டில் குமாஸ்தா. தீப்பிடித்த வீடுகளின் வழக்குகள்தான் அவருக்கு ஞாபகம்.

செய்து பார்த்தவை:
- தேவையற்ற கோப்புகள் அழித்தேன். பயனில்லை.
- தானாகத் தொடங்கும் செயலிகள் நிறுத்தம். பயனில்லை.
- வைரஸ் சோதனை. சுத்தம்.
- படத்தில் கரையில் நட்ட மரங்களை 400லிருந்து 60 ஆக்கினேன். கரை மொட்டை. பயனில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "யாருக்கும்மா படம்?"

"கோவில்பட்டில ஒரு வீடுப்பா."

இந்த வீட்டில் வேகமாக நடந்தது அந்தப் பொய் ஒன்றுதான்.

அம்மா இறந்தபோது ஒரு மாதத்துக்கென்று வந்தேன். இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஊரிலுள்ள எஞ்சினியர்களுக்கு வீட்டு முகப்புப் படங்கள். எல்லா வீட்டுக்கும் அதே இரண்டு தூண், அதே நீலக் கண்ணாடி.

மே 13, செவ்வாய்

இரண்டாம் படத்தை ஓடவிட்டு மார்க்கெட் பக்கம் இசக்கி அண்ணன் கடைக்குப் போனேன். கணினி பழுது பார்ப்பவர். கணினிப் பெட்டியைத் தூக்கிப் போகவில்லை. போனால் அப்பா ஏன் என்பார்.

கடையில் ஒரு பெரியவர் பிரிண்டருக்காக நின்றுகொண்டிருந்தார்.

"ஏலே இசக்கி, நேத்து தாரேன்னியே."

"நேத்து கரண்டு இல்லல்லா அண்ணாச்சி."

"உனக்குக் கரண்டு வாரதுக்குள்ள எம் பேத்திக்குக் கல்யாணமே முடிஞ்சிரும்லே."

"பத்திரிகைய இந்த பிரிண்டர்லயே அடிச்சித் தாரேன், இரிங்க." பிறகு என்னிடம், "எப்பலேர்ந்து இப்படி தங்கச்சி?"

"ஜனவரியில இருந்துண்ணே."

"ஜனவரில என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலண்ணே."

சொன்னபிறகு கொஞ்ச நேரம் அந்த வாக்கியம் அங்கேயே நின்றது.

"அப்ப சூடாத்தான் இருக்கும். ராம் மாத்தணும்னு எவன் சொன்னாலும் நம்பாத. நான் சொன்னாலும் நம்பாத. முதல்ல சூடு எவ்வளவுன்னு பாரு." பார்க்கும் செயலியின் பெயரை ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் கருப்புத் திரை. பாதியில் தானே அணைந்திருக்கிறது. இரண்டாம் படம் இல்லை.

மே 14, புதன்

வானம் வெள்ளை. காற்று இல்லை.

செயலியில் பார்த்தேன். கணினிக்குள் 97 டிகிரி.

படித்தது: சூடு எல்லை தாண்டினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எரிந்துபோகாமல் இருக்க. அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். ஆக, கெடவில்லை. குறைத்துக்கொண்டு வாழ்கிறது.

இதற்கு மேல் யோசிக்காதே, மெர்சி.

மேசை விசிறியைப் பெட்டிக்குத் திருப்பினேன். 96. மதியம் மறுபடி அணைந்தது.

மாலை ஏழு மணிக்குக் குனிந்து, பெட்டியைச் சுற்றிக் கையால் தடவினேன். பின்பக்கம் அனல். பீரோவை ஒட்டிய பக்கத் தகட்டில் காற்று உள்ளே போகச் சல்லடைபோல் துளைகள் உண்டு. கையில் துளை தட்டவில்லை. வழவழப்பு.

வாக்குத்தத்த அட்டை.

வருடப் பிறப்பு ஆராதனையில், அந்த வருடத்துக்கான தேவ வாக்கு என்று ஆளுக்கொரு பைபிள் வசன அட்டை எடுப்போம். நான் எழுந்து போகவில்லை. அப்பா எனக்கும் சேர்த்து எடுத்தார். தன்னுடையதை நகலெடுத்து, எல்லாவற்றையும் லேமினேட் செய்து வாசல் கதவில் ஒன்று, ஃபிரிட்ஜில் ஒன்று, ஸ்கூட்டரில் ஒன்று என்று ஒட்டினார். என் பெயருக்கு எடுத்ததை என் கணினியில். இரு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு, துளைகளை முழுக்க மூடி. வேறெங்கும் அந்த அளவுக்குத் தட்டையான இடமில்லை. ஜனவரி ஒன்றாம் தேதி.

பிளேடு வைத்துப் பையப் பிரித்தேன். 97, 90, 81, 72.

இரண்டாம் படம் 42 நி. மூன்றாம் படம் 45 நி.

ஜெபத்துக்கு உட்காரும்போது மேசைமேல் கிடந்த அட்டையை அப்பா பார்த்தார். ஜெபத்தில் என் பெயர் வரும் இடத்தில் நிறுத்தினார். பிறகு நோயாளிகள், பிரயாணிகள் என்று மேலே போய்விட்டார்.

மே 15, வியாழன்

நான் எழுந்தபோது அட்டை பழைய இடத்தில் இருந்தது. அதன் ஓரம் சுற்றிலும் வட்ட வட்டமாக ஓட்டைகள்.

அப்பா கோர்ட் காலத்துப் பஞ்சிங் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்குக் கட்டுகளில் நூல் கோக்க ஓட்டை போடும் அதே மெஷின்.

"எழுத்துல எங்கயும் படல பாத்துக்க. இருபத்தாறு ஓட்டை. காத்து வருதா?"

மெஷினின் வாய் அட்டையின் ஓரத்தைத்தான் எட்டும். நடுவில் வசனம். அங்கே காற்றுப் போக வழியில்லை.

"வருதுப்பா."

91 டிகிரி. ஒரு படத்துக்கு நாலு மணி நேரம்.

மறுபடி பிரிக்கலாம். மனம் வரவில்லை. தகட்டையே கழற்றலாம். என்ன அவசரம் என்று கேட்பார். கோவில்பட்டி வீட்டுக்கு என்ன அவசரம்?

மாலையில் பின்னால் வந்து நின்றார். திரையில் ஆறாம் படம், படித்துறை, பாதித் தண்ணீர். வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி நல்லா இருக்கு."

முடிந்தவை: 6.

மே 16, வெள்ளி

மின்தடை. ஒன்பது முதல் ஐந்து வரை.

இரண்டு அறை. அப்பா ஒன்றில், நான் ஒன்றில். அவர் விசிறிமட்டை அசையும் சத்தம். நடுவில் அவர் இருமினால் நான் நிறுத்திக் கேட்கிறேன். நான் நாற்காலியை நகர்த்தினால் அவர், "என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

இதைப் பகலில் ஏழெட்டு முறை.

நான் போய்விட்டால் அவர் பிரஷர் மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார் என்று எழுதினேன். அடித்தேன். இது சாக்காக இருக்கலாம். சாக்காக இல்லாமலும் இருக்கலாம்.

மாலை ஒரு படம். ஆக 7.

மே 17, சனி

ஆறு மணிக்கு எட்டாம் படம். பத்துக்கு முடிந்தது. ஒன்பதாவது இரண்டுக்கு, பத்தாவது ஆறுக்கு. ஒரு மணி நேரம் தாமதம். மூன்று தடவை கூட்டினேன். அதே விடை.

ஒன்பது படம் மட்டும் அனுப்பினால்? மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத ஒரு நிம்மதி. அதைக் கண்டுதான் பயம்.

10.20. அப்பா மீன் பையோடு வந்தார். சாளை. நேராக இங்கே வந்து பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார்.

"கொதிக்கே. காத்து வருதுன்னியே."

"கொஞ்சம் வருதுப்பா."

"கொஞ்சம்னா?"

"தொண்ணூத்தொண்ணு."

பையைத் தரையில் வைத்துவிட்டுத் திருப்புளி எடுத்து வந்தார். பின்னால் இரண்டு திருகாணி. தகட்டை இழுத்துக் கழற்றி, அட்டை முன்பக்கம் தெரியும்படி, காலண்டருக்குக் கீழே சுவரில் சாய்த்தார். திருகாணிகளைத் தீப்பெட்டியில் போட்டு என் கையில் தந்தார்.

91. 83. 74. எண் இறங்குவதைப் பக்கத்தில் நின்று கடைசிவரை பார்த்தார். 63இல் நின்றது.

"இப்ப எத்தனை மணிக்கு முடியும்?"

"பன்னெண்டுக்குள்ளப்பா."

தலையாட்டினார். குனிந்து மீன் பையை எடுத்தார். திரையைப் பார்த்தபடியே,

"கோவில்பட்டில ஏதும்மா ஆறு?"

தீப்பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

"எந்த ஊரு?"

"கொச்சி."

அடுக்களைக்குப் போய்விட்டார்.

ஒன்பதாம் படம் ஓடுகிறது. 63 டிகிரி. உள்ளே குழாய் திறந்த சத்தம். பத்து நிமிடம் ஆகிறது. அப்பா இன்னும் மூடவில்லை.